படம் முடிந்த பிறகு

“அழிக்கணுமா?” என்றாள் தமயந்தி. “எதை அழிக்கச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

ரவூஃப் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“படம் முடிஞ்சுதா அக்கா?”

“முடிஞ்சுது.”

“அப்ப முழுப் படத்தையும் ஒரே ஃபைலா வெளியே எடுங்க. மீதியை வேற டிஸ்க்ல பிரதி எடுத்துப் பத்திரமா காப்புல வைங்க. அப்புறம் இங்க இருக்கிறதை அழிங்க. நீங்க வந்த அன்னைக்கே சொன்னேன். மூணும் செஞ்சாத்தான் ஒரு படத்தோட வேலை முடியும்.”

“வெளியே எடுத்தாச்சு. அழிக்க மாட்டேன்.”

அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மதுரையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ரவூஃப் படத்தொகுப்பாளர். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவரைவிட மூத்தவள் தமயந்தி ஒருத்திதான். பதினைந்து வயது மூத்தவள். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

அவள் அதற்கு முன் பெண் தொழிலாளர் சங்கத்தில் இருந்தாள். வாசலில் நின்று கோஷம் போட்டவள். மனு எழுதியவள். எத்தனை மனு கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்காததால், தானே காட்டிவிடுவது என்று ஒரு கேமரா வாங்கினாள்.

சாத்தூருக்குத் தெற்கே ஒரு பட்டாசு ஆலை. அங்கே வேலை பார்த்த பெண்களைப் பற்றிப் படம் எடுக்கத் தொடங்கினாள். பாதி எடுத்திருந்தபோது ஆலை வெடித்தது.

வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்த அறைக்குள் மூன்று பெண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். மூன்றாமவள் முப்பிடாதி. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்து உயிர்விட்டாள். கல்யாணம் ஆகாதவள்.

ஆலை முதலாளி ஜாமீனில் வந்து பேரனுக்குக் காதுகுத்து நடத்தினார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் தமயந்தி படத்தை வெட்ட உட்கார்ந்தாள். அந்தக் கோபம் படம் முடிகிறவரை அவளைவிட்டு இறங்கவில்லை. படம் முடிந்த பிறகும் இறங்கவில்லை.

“சார்” என்றாள் இப்போது. “ஆலையில என்ன செஞ்சாங்க தெரியுமா? கலெக்டர் வர்றதுக்குள்ள சுவரைக் கழுவிட்டாங்க. வருகைப் பதிவேட்டைக் கொளுத்திட்டாங்க. கொன்னவன் செய்யற வேலை அது. அதையே என்னையும் செய்யச் சொல்றீங்க.”

ரவூஃப் எழுந்தார். அவள் மேஜைக்கு வந்தார்.

அவள் திரையில் ஒரு முகம் நின்றிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் முப்பிடாதி. படத்தின் கடைசிக் காட்சி அதுதான். தமயந்தி ஒவ்வொரு முறையும் அங்கேதான் நிறுத்துவாள். ஒரு நொடி குறைப்பாள். மறுநாள் அதைத் திரும்பச் சேர்ப்பாள்.

அதற்குக் கீழே டிபன் டப்பா திறந்திருந்தது. பாதி சாப்பிட்ட எலுமிச்சை சாதம்.

ரவூஃப் கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து திரையின் மேல் போட்டார்.

“என்ன செய்யறீங்க?”

“அந்தப் பொண்ணு ரொம்ப நாளா இங்கேயே கிடக்குது.”

“அதனால?”

“டீ கொண்டுவர்றவர் பார்க்கிறார். மின்சாரக் கணக்கு எடுக்க வர்றவர் பார்க்கிறார். கடைக்காரர் வாடகை கேட்க வந்தாலும் பார்க்கிறார்.”

“பார்க்கட்டும்! பார்க்கணும்னுதானே எடுத்தேன்!”

“நீங்க பார்க்கறீங்களா?”

தமயந்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். டிபன் டப்பா கண்ணில் பட்டது. அதை மூடினாள்.

அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

*

மறுநாள் அவள் வந்ததும் சண்டையைத் தொடர்ந்தாள்.

“டிஸ்க்ல இடம் இல்லைன்னா வேற டிஸ்க் வாங்கறேன். அழிக்கிற பேச்சே வேண்டாம்.”

“இடம் இருக்கு” என்றார் ரவூஃப்.

“பின்ன எதுக்கு?”

“வெளியே எடுத்த பிரதி யார் யார்கிட்ட இருக்கு?”

“சென்னையில விழா நடத்தறவங்ககிட்ட இருக்கு. போட்டிக்கு எடுத்துக்கிட்டாங்க. ஒரு பேராசிரியர்கிட்ட இருக்கு. பத்திரிகைக்காரங்க சிலர்கிட்ட இருக்கு.”

“படத்துல இருக்கிறவங்ககிட்ட?”

“யார்?”

“படத்துல வர்றவங்க.”

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

“அவங்க எதுல போட்டுப் பார்ப்பாங்க சார்? அவங்களுக்கு நடந்தது அவங்களுக்குத் தெரியாதா? தெரியாதவங்களுக்குக் காட்டத்தான் படம்.”

ரவூஃப் எழுந்தார். ஒரு சின்ன லேப்டாப்பையும் அவளுடைய ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு துணிப்பையில் போட்டு, பையைக் கதவின் கைப்பிடியில் மாட்டினார்.

“இது என்ன?”

“அவங்ககிட்ட காட்டிட்டு வாங்க.”

“காட்டிட்டு வந்தா அழிக்கச் சொல்ல மாட்டீங்களா?”

“காட்டாம அழிக்கச் சொல்ல மாட்டேன்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் உங்களுக்கு இங்க வேலை இல்லைக்கா.”

வயதில் மூத்தவள் என்று இதுவரை ஒருவரும் அவளை வெளியே போகச் சொன்னதில்லை. அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். கீழே சைக்கிள் கடைக்காரர், “என்னம்மா, சண்டையா?” என்று கேட்டார். அவள் அவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

*

பாக்கியத்தாய் வீடு ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. முப்பிடாதியின் அம்மா அவள். வெடிவிபத்துக்கு அப்புறம் பட்டாசு வேலைக்குப் போகவில்லை. தீப்பெட்டிக் கட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா” என்றாள். “வழி மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று தமயந்திக்குத் தெரியவில்லை.

சுவரில் முப்பிடாதியின் படம் மாட்டியிருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. முகம் மங்கிப் புள்ளி புள்ளியாக இருந்தது.

“படம் முடிஞ்சுது பாக்கியத்தாயி. உனக்குக் காட்டத்தான் வந்தேன்.”

“எனக்கா?”

பாக்கியத்தாய் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சேலை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. அவள் அசையவில்லை. தெரிந்த முகங்கள் வந்தபோது பெயரை மட்டும் முணுமுணுத்தாள். ஆலை முதலாளியின் கார் வந்தபோது காறித் துப்புவதுபோல் வாயைக் குவித்தாள். ஆனால் துப்பவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரி வந்தது. முகம் வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

தமயந்தி அந்த நேரத்தை ரொம்ப யோசித்து வைத்திருந்தாள். பார்க்கிறவர்கள் நெளிய வேண்டும். தலையைத் திருப்ப நினைக்க வேண்டும். திருப்ப முடியாமல் போக வேண்டும்.

பாக்கியத்தாய் தலையைத் திருப்பவில்லை.

திரை கறுத்தது.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“எம்புள்ள பேசினது எங்க?”

“எந்தப் பேச்சு?”

“நீங்க மொத மொத வந்தப்ப, புளியமரத்தடியில அவள உக்கார வச்சு என்னென்னமோ கேட்டீங்களே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ‘பெரியம்மா கேமராவுல நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்’னு தெருவெல்லாம் சொன்னா. அது எங்க?”

தமயந்தி தயங்கினாள்.

“அது படத்துல இல்ல.”

“இல்லையா, அழிச்சிட்டீங்களா?”

“அழிக்கல. இருக்கு.”

“எங்க இருக்கு?”

“இந்தப் பெட்டியிலதான்.”

பாக்கியத்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி தேடினாள். எல்லாம் தேதி வாரியாக ஃபோல்டர்களில் கிடந்தது. ‘வேண்டாதவை’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் பெயரைப் பாக்கியத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் வெறுத்தாள்.

திறந்தாள்.

புளியமரம். வெயில். முப்பிடாதி.

“என்ன வேலைம்மா பார்க்கிறே?” என்று தமயந்தியின் குரல் கேட்டது.

முப்பிடாதி பதில் சொல்லத் தொடங்கி, சிரித்துவிட்டாள். “இருங்க பெரியம்மா, மறுபடியும் கேளுங்க” என்றாள். மறுபடியும் கேட்டபோது மறுபடியும் சிரித்தாள். மூன்றாவது தரம் இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். அலுமினியப் பொடி ஏறி, முழங்கை வரைக்கும் பளபளவென்று இருந்தன.

“எங்க அம்மாவுக்குக் கவலையே இல்ல பெரியம்மா. கல்யாணத்துக்கு நகை போட வேண்டியதில்ல. ரெண்டு கையும் வெள்ளிதான். சோத்தை அள்ளித் தின்னா வயிறும் வெள்ளி.”

சிரித்துச் சிரித்து இருமினாள். பின்னால் யாரோ “ஏட்டி, வேலைக்கு வா” என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து ஓடினாள். அவ்வளவுதான்.

பாக்கியத்தாய் மகள் பேசத் தொடங்கும் முன்னாலேயே சிரித்துவிட்டிருந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கண்ணீர் அதன் மேலேயே வழிந்தது.

“இன்னொரு தடவ.”

தமயந்தி போட்டாள்.

“இன்னொரு தடவ.”

போட்டாள்.

அடுத்தமுறை அவள் கேட்கவில்லை. திரும்பி, தமயந்தியைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“இது இத்தன நாளும் உங்ககிட்ட இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எம்புள்ள உங்க பெட்டிக்குள்ள சிரிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கா. நான் இங்க அந்த ரேசன்கார்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கேன். அவ கொரலு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு அக்கா. பெத்தவளுக்கு மறந்துபோச்சு. ராப்பகலா நெனச்சு நெனச்சுப் பாத்தேன். வரல. உங்ககிட்ட இருந்துச்சு.”

“பாக்கியத்தாயி…”

“இத ஏன் படத்துல போடல?”

சங்கத்தில் இருபது வருஷம் பேசியவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“அவ சிரிச்சா… பார்க்கிறவங்களுக்குக் கோபம் வராதுன்னு நெனச்சேன்.”

“ஓ.”

பாக்கியத்தாய் எழுந்து நின்றாள்.

“அவுகளுக்குக் கோவம் வரணும். அதுக்கு எம்புள்ள வெந்த மூஞ்சிதான் கெடச்சுதா உங்களுக்கு?”

“நீ சரின்னு தலையாட்டின பாக்கியத்தாயி. உன்னக் கேட்டுத்தானே எடுத்தேன்.”

“கேட்டீங்க! அன்னைக்கு யாரு என்ன கேட்டாலும் தலையாட்டினேன். டாக்டரு காட்டுன எடத்துலயெல்லாம் கைநாட்டு வச்சேன். போலீசு கேட்டுச்சு, வச்சேன். எம்புள்ள பொழைக்கும்னு சொன்னா எவன் காலுலயும் விழுந்திருப்பேன். நீங்களும் வந்து கேட்டீங்க. அது ஒரு சம்மதமா?”

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். பாக்கியத்தாய் அவளைப் போகச் சொல்லிக் கையை வீசினாள்.

“அவ கண்ணாடி பாக்காம வெளிய போக மாட்டா. தண்ணி எடுக்கப் போறதுக்கே பவுடர் போடுவா. ஆசுபத்திரியில என்னையே பாக்க வேணாம்னு சொன்னா. மூஞ்சிய மூடச் சொன்னா. நீங்க அதத் தொறந்து ஊர் ஊராக் காட்டுறீங்க. எடுத்திருங்க.”

“எடுத்துட்டா, கடைசியில இந்தச் சிரிப்பை வைக்கிறேன். சத்தியமா…”

“வேணாம். இது எனக்கு. ஊருக்கு இல்ல.”

*

தமயந்தி மதுரைக்குத் திரும்பினாள். படியேறும்போதே கத்தத் தொடங்கினாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சுக்கிட்டே என்னை அங்க அனுப்பினீங்க. இங்கேயே சொல்லியிருக்கலாமே! ‘இந்தக் காட்சி தப்புக்கா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிருப்பீங்க?”

“தப்புன்னு எனக்குத் தெரியாதுக்கா.”

“பொய்.”

“நான் அந்த ஊருக்குப் போனதே இல்லையே.”

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். திரையின் மேல் கிடந்த துண்டை இழுத்தாள். படத்தைத் திறந்தாள்.

கடைசிக் காட்சியை வெட்டி எடுத்தாள். சில நொடிகள்தான். வெட்டுவதற்கு ஒரு தட்டு போதுமாக இருந்தது. படம் இப்போது தாழ்ப்பாள் போட்ட கதவில் நின்றது. அதன் மேல் வருவாய்த் துறை வைத்த சீல் தொங்கியது.

“இது போதுமா சார்?”

ரவூஃப் கதவைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியல” என்றார். ஆனால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

*

புதிய பிரதியைச் சென்னைக்கு அனுப்பினாள். விழா அமைப்பாளர் ஆனந்தரூபன் அன்றைக்கே போன் செய்தார்.

“என்ன மேடம் இது? முடிவையே எடுத்துட்டீங்க. அந்த ஷாட்டுக்காகத்தான் எல்லாரும் உங்க படத்தைத் தூக்கி வச்சோம். நடுவர் ஒருத்தர் பார்க்க முடியாம எழுந்து வெளியே போயிட்டார் தெரியுமா?”

“அதைக் காட்டக் கூடாது சார். அம்மா வேண்டாம்னுட்டாங்க.”

“கவலைப்படாதீங்க. பழைய பிரதி எங்ககிட்டதான் இருக்கே. அதையே போட்டுக்கிறோம்.”

தமயந்தி போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்தாள்.

அடுத்த பஸ்ஸில் சென்னைக்குப் போனாள்.

ஆனந்தரூபனின் அலுவலகத்தில் ஏசி ஓடியது. அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். காபி சொன்னார்.

“உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். ஒரு தாயோட வலி எனக்குப் புரியாமலா? ஆனா நாலு பேர் அதைப் பார்த்தாத்தான் நாளைக்கு இன்னொரு பொண்ணு சாக மாட்டா. ஒரு முகம் ஆயிரம் மனுவுக்குச் சமம். அழிக்கிறதுன்னா, குற்றவாளிக்கு நாமே உதவி செஞ்ச மாதிரி ஆயிடும்.”

 அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தமயந்திக்குப் புதிதில்லை. எல்லாம் அவளே சொன்னவை. இன்னும் சத்தமாகச் சொன்னவை.

“அந்தப் பொண்ணு பேர் என்ன சார்?” என்று கேட்டாள்.

“யாரு?”

“அந்த முகம்.”

ஆனந்தரூபன் மேஜையில் இருந்த தாள்களைப் புரட்டினார்.

“அதுல இருக்காது” என்றாள் தமயந்தி. “நான் எழுதல. ‘பாதிக்கப்பட்ட பெண்’னுதான் எழுதினேன்.”

காபி வந்தது. இருவரும் தொடவில்லை.

“அழிச்சிடுங்க சார். அழிக்கிற வரைக்கும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். உட்காரறது எனக்குப் புதுசில்ல. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வெயில்ல உட்கார்ந்திருக்கேன். உங்க ரூம்ல ஏசி வேற இருக்கு.”

“புதுப் பிரதியை இப்ப சேர்க்க முடியாது. தேதி முடிஞ்சுபோச்சு. பழசையும் அழிச்சா உங்க படம் போட்டியிலயே இருக்காது. யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சுட்டேன்.”

“உங்க உழைப்பெல்லாம் வீணாப் போகும்.”

“அழிங்க.”

அவர் உதவியாளரை அழைத்துச் சொன்னார். தமயந்தி பின்னால் நின்று, அது போகிறதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பேராசிரியர் போனில் பேசும்போதே அழித்தார். மன்னிப்பும் கேட்டார். பத்திரிகைக்காரர்களில் ஒருவர் திறந்தே பார்க்கவில்லை என்றார். இன்னொருவர் மட்டும் இழுத்தார்.

“நான் ஒரு குரூப்ல போட்டுட்டேனே மேடம். கடைசித் துண்டை மட்டும் வெட்டிப் போட்டேன். நல்லா பரவுச்சு.”

“எடுத்திருங்க.”

“என்னோடதை எடுத்துட்டேன். ஆனா காப்பி எடுத்தவங்க எடுத்துட்டாங்க.”

அவள் அவரைத் திட்டினாள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி திட்டினாள். திட்டி முடித்துப் போனை வைத்தபோது, அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியது யார் என்று நினைவு வந்தது.

*

“சார், காப்பு வைக்கணும்” என்றாள் ரவூஃபிடம்.

“யார்கிட்ட?”

“வழக்கு நடத்தற வக்கீல்கிட்ட ஒண்ணு. தாழ்ப்பாளைப் பத்திப் பேசினது, கூலியைப் பத்திப் பேசினது, கதவு, சுவர் எல்லாம் அதுல இருக்கணும். கோர்ட்டுல கேட்பாங்க. சங்கத்து நூலகத்துல இன்னொண்ணு.”

“ஏன் ரெண்டு?”

“ஒரே எடத்துல இருந்தா அது காப்பு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் தலையை ஆட்டினார். இரண்டு டிஸ்க்குகளை எடுத்துக் கொடுத்தார்.

சிரிப்பை மட்டும் தனியாக இரண்டு பென் டிரைவ்களில் போட்டாள். பாக்கியத்தாய் வீட்டுக்குப் போய், அவள் கையில் ஒன்றைக் கொடுத்தாள். இரண்டாவதை அதே ஊரில் இருந்த பாக்கியத்தாயின் தங்கையிடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் டி.வி.யில் எப்படிப் போட்டுப் பார்ப்பது என்று காட்டினாள். பாக்கியத்தாய் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. பென் டிரைவை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரிக் காட்சிகளை முதலில் அழித்தாள். அவற்றுக்குக் காப்பு எங்கேயும் இல்லை. பிறகு நேர்காணல்கள். ஆலை. தெரு. வெட்டிய துண்டுகள், வெட்டாத துண்டுகள். பழைய முடிவுகள். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர், நிச்சயமாகவா என்று கேட்டது. இதைத் திரும்பப் பெற முடியாது என்று எச்சரித்தது. ஒவ்வொரு முறையும் அவள் ஆமாம் என்றாள்.

ஒரு ஃபோல்டரில் கை நின்றது.

“சார்.”

“ம்.”

“இந்தச் சிரிப்பை மட்டும் நான் வச்சுக்கிறேன். யாருக்கும் காட்ட மாட்டேன். படத்துல போட மாட்டேன். எனக்காக.”

ரவூஃப் திரும்பவில்லை.

“யாருதுக்கா அது?”

“நான் எடுத்தது சார்! என் கேமரா. என் குரல் அதுல இருக்கு. என்னைத்தான் அவ பெரியம்மான்னு கூப்பிடறா. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரிச்சது!”

 கீழே யாரோ சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

தமயந்தி அந்தக் காட்சியை ஒருமுறை ஓடவிட்டாள். கைகளை விரித்தாள் முப்பிடாதி. வெள்ளி என்றாள். இருமினாள். கூப்பிட்டார்கள். ஓடினாள்.

நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அவள் கம்ப்யூட்டரையும் திட்டினாள். பிறகு ஆமாம் என்றாள்.

அதற்கப்புறம் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரவூஃப் எழுந்து வெளியே போய், அவள் முடிக்கிறவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

*

பாக்கியத்தாய்க்குப் போன் செய்தாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தாள்.

“பாக்கியத்தாயி, நான்தான்.”

 மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஆஸ்பத்திரியில எடுத்தது எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நான் கொடுத்த எல்லார்கிட்டயும் அழிக்கச் சொல்லிட்டேன். அழிச்சிட்டாங்க.”

“சரி.”

“ஒரு ஆளு மட்டும் வெளிய விட்டுட்டான். அது யார் யார் போன்ல இருக்குன்னு தெரியல. அதை என்னால எடுக்க முடியல. உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்.”



“அவன் வெளங்க மாட்டான்” என்றாள் பாக்கியத்தாய். சற்றுப் பொறுத்து, “நீங்க கொடுக்காம அவனுக்கு ஏது?” என்றாள்.

“ஆமா.”

“ம்.”

தமயந்தி போனை வைத்துவிடலாம் என்று நினைத்தாள். பாக்கியத்தாய் வைக்கவில்லை.

“அவ சிரிச்சது?” என்று கேட்டாள். “அத நீங்க வச்சிருக்கீங்கல்ல?”

“இல்ல. அதையும் அழிச்சிட்டேன். அது உன்கிட்டயும் உன் தங்கச்சிகிட்டயும்தான் இருக்கு.”

“உங்ககிட்ட இல்லவே இல்லையா?”

“இல்ல.”

ஒரு தீப்பெட்டிக் கட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ பாக்கியத்தாயைக் கூப்பிட்டார்கள். “இரு, வாரேன்” என்றாள்.

“அக்கா” என்றாள் பிறகு. “பாக்கணும்னு இருந்தா, இங்க வாங்க.”